சிடிஎஸ் வளர்கிறதா, வீங்குகிறதா? கேள்வி பதில்

ஐடி துறையில் டெலிவரி பக்கம், அதாவது கிளையன்ட்டின் வேலையை முடித்துக் கொடுக்கும் பக்கம், இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். சிடிஎஸ் என்று நாம் சொல்லும் காக்னிசன்ட் என்ற ஐடி கம்பெனியில் வேலை பார்த்ததில்லை. சிடிஎஸ்ஸிடம் டீல்களைத் தோற்ற ஒரு கம்பெனியில் பார்த்தேன். அதனால் அவர்களை உற்றுக் கவனிக்க நேர்ந்தது. காக்னிசன்ட் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: சார், இது அமெரிக்கக் கம்பெனியா, நம்ம சென்னைக் கம்பெனியா? வீட்டில் சண்டையே வந்துவிட்டது.

இரண்டு பேரும் ஜெயித்தீர்கள். 1994-இல் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கத் தகவல் நிறுவனம் தன் சொந்தக் கணினி வேலைகளுக்காகச் சென்னையில் தொடங்கிய சின்ன யூனிட் இது. 76 சதவீதம் அவர்களுடையது, 24 சதவீதம் இந்திய ஐடி கம்பெனியான சத்யத்துடையது. ஐம்பது பேர் அளவில் ஆரம்பம். இலங்கையில் பிறந்த குமார் மகாதேவா இதன் ஆரம்பகாலத் தலைவர். 1996-இல் தாய்க் கம்பெனி மூன்றாகப் பிரிந்ததைத் தொடர்ந்து காக்னிசன்ட் என்ற பெயர் வந்தது. 1998 ஜூனில் பங்கு பத்து டாலர் விலையில் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது. தலைமையகம் நியூ ஜெர்சியில் டீநெக் என்ற ஊர். பதிவும் பங்கும் அமெரிக்காவில், ஆட்கள் பெரும்பாலும் இங்கே. 'காக்னிசன்ட் டெக்னாலஜி சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம்தான் நாம் சொல்லும் சிடிஎஸ். கம்பெனி அந்தச் சுருக்கத்தை எப்போதோ விட்டுவிட்டது. சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆர் விடவில்லை.

கேள்வி: இவ்வளவு பின்னால் வந்தவர்கள் இன்ஃபோசிஸை எப்படித் தாண்டினார்கள்?

எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2002-இல் காக்னிசன்ட்டின் வருமானம் சுமார் 23 கோடி டாலர். 2012-இல் 730 கோடியைத் தாண்டியது. அதே 2012-இன் ஜூன் காலாண்டில் வருமானத்தில் இன்ஃபோசிஸைத் தாண்டியது. பத்து வருஷத்தில் முப்பது மடங்குக்கு மேல்.

முதல் காரணம் மார்ஜின். மற்ற பெரிய இந்தியக் கம்பெனிகள் நூறு ரூபாய் வருமானத்தில் இருபத்தைந்து, முப்பது என்று லாபம் காட்டுவதைப் பெருமையாக நினைத்த காலம் அது. இவர்கள் "எங்களுக்கு 19, 20 போதும்" என்று வெளிப்படையாகவே அறிவித்தார்கள். மிச்சத்தை அமெரிக்காவில் விற்பனை ஆட்களுக்கும், துறை தெரிந்த ஆலோசகர்களுக்கும் போட்டார்கள். நாங்கள் கிளையன்ட் மீட்டிங்குக்குப் போனால் எங்கள் பக்கம் ஒருவர், சிடிஎஸ் பக்கம் நான்கு பேர் இருப்பார்கள். அதில் ஒருவர் அந்த இன்ஷூரன்ஸ் தொழிலிலேயே இருந்து வந்தவராக இருப்பார். நாங்கள் ஸ்லைடு காட்டுவோம், அவர் கிளையன்ட்டோடு குடும்பக் கதை பேசுவார்.

இரண்டாவது, 'டூ இன் எ பாக்ஸ்' என்று அவர்கள் வைத்திருந்த முறை. ஒரு கிளையன்ட்டுக்கு இரண்டு பொறுப்பாளர்கள்: அங்கே உட்கார்ந்து உறவைப் பார்ப்பவர் ஒருவர், இங்கே வேலையை முடித்துக் கொடுப்பவர் ஒருவர். நல்லதோ கெட்டதோ, இருவர் தலையிலும்தான் விடியும். மற்ற இடங்களில் ஆன்சைட் (கிளையன்ட் ஊரில் இருப்பவர்கள்) ஒரு பக்கமும் ஆஃப்ஷோர் (இங்கே இருப்பவர்கள்) ஒரு பக்கமும் பழி போட்டுக்கொண்டிருந்தபோது இது பெரிய விஷயம்.

லட்சுமி நாராயணன், அவருக்குப் பின் 2007 முதல் ஃபிரான்சிஸ்கோ டிசூசா என்று தலைமையும் உள்ளிருந்தே வந்தது. 2014-இல் 270 கோடி டாலர் கொடுத்து டிரைசெட்டோவை வாங்கினார்கள். அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனிகள் ஓட்டும் மென்பொருள் அது. மென்பொருளும் அவர்களுடையது, அதைப் பராமரிக்கும் ஆட்களும் அவர்களுடையவர்கள் என்று ஆகிவிட்டது.

கேள்வி: அப்படிப் பறந்தவர்கள் ஏன் படுத்துவிட்டார்கள்?

படுக்கவில்லை, நடக்க ஆரம்பித்தார்கள். 2016 நவம்பரில் எலியட் என்ற முதலீட்டு நிறுவனம் நிறையப் பங்குகளை வாங்கி வைத்துக்கொண்டு, மார்ஜினைக் கூட்டு, பணத்தைப் பங்குதாரருக்குத் திருப்பிக் கொடு என்று கடிதம் எழுதியது. 2017 பிப்ரவரியில் சமரசம். 340 கோடி டாலர் திருப்பித் தருவதாகவும், 2019-க்குள் மார்ஜினை 22 சதவீதமாக்குவதாகவும் ஒப்புக்கொண்டார்கள். அதாவது தங்களை வளர்த்த சூத்திரத்தையே கைவிட்டார்கள். என் கணிப்பில் கதை திரும்பிய இடம் இதுதான். வேறு காரணம் சொல்பவர்களும் உண்டு.

அப்புறம் 2019-இல் வெளியிலிருந்து பிரையன் ஹம்ப்ரீஸ் தலைவராக வந்தார். 2020 ஏப்ரலில் மேஸ் என்ற ரேன்சம்வேர் (கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் மென்பொருள்) தாக்குதல். 2021-இல் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். ஒரு காலாண்டின் வேகத்தை ஆண்டுக்குக் கணக்கிட்டால், தாங்களாகவே விலகியவர்கள் மட்டும் 33 சதவீதம். மூன்றில் ஒருவர் போய்க்கொண்டே இருந்தால் டெலிவரி மேனேஜர் எங்கே வேலை பார்ப்பது, இன்டர்வியூதான் எடுக்க முடியும். 2023 ஜனவரியில் இன்ஃபோசிஸிலிருந்து ரவி குமார் தலைவராக வந்தபின் வெளியேற்றம் குறைந்தது. ஆனாலும் 2022-இல் சுமார் 1,940 கோடி டாலராக இருந்த வருமானம் 2023-இல் 1,935 கோடி. நின்ற இடத்திலேயே நின்றது.

கேள்வி: சென்னை வளாக லஞ்ச வழக்கு என்ன ஆயிற்று?

சென்னையில் வளாகம் கட்டத் திட்ட அனுமதி வாங்க 2014-இல் 20 லட்சம் டாலர் லஞ்சத்துக்கு ஒப்புதல் கொடுக்கப்பட்டது என்பது அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் குற்றச்சாட்டு. கம்பெனியே 2016-இல் விஷயத்தை வெளியிட்டது. 2019-இல் குற்றத்தை ஒப்பாமலும் மறுக்காமலும் 2.5 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டது. முன்னாள் உயரதிகாரிகள் இருவர் மீதிருந்த குற்ற வழக்கை 2025-இல் அமெரிக்க அரசே கைவிட்டது.

கேள்வி: "2024 கடைசிக் காலாண்டில் 6.8% வளர்ச்சி" என்று படித்தேன். நல்ல செய்திதானே அண்ணா?

தம்பி, இனிமேல் இப்படிச் செய்தி பார்த்தால் முதலில் "யாரையாவது வாங்கினார்களா?" என்று கேளுங்கள்.

அந்தக் காலாண்டு வருமானம் சுமார் 508 கோடி டாலர், முந்தைய ஆண்டு அதே காலாண்டில் சுமார் 476 கோடி. 6.8 சரிதான். ஆனால் 2024 ஆகஸ்டில் பெல்கன் என்ற பொறியியல் சேவைக் கம்பெனியைச் சுமார் 130 கோடி டாலருக்கு வாங்கி முடித்திருந்தார்கள். விமானம், பாதுகாப்புத் துறை வேலை செய்பவர்கள். பெல்கனின் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 80 கோடி டாலர், காலாண்டுக்கு 20 கோடி என்று வையுங்கள். 508-இல் 20 போனால் 488. அப்போது வளர்ச்சி இரண்டரை சதவீதம்தான். பக்கத்து வீட்டை வாங்கிச் சுவரை இடித்துவிட்டு "என் ஹால் பெரிதாகிவிட்டது" என்பது மாதிரி. பொய் இல்லை, ஆனால் கட்டியது இவர் இல்லை.

அடுத்து 'கான்ஸ்டன்ட் கரன்சி' என்று போட்டிருக்கும் எண்ணைத் தேடுங்கள். பவுண்டிலும் யூரோவிலும் வரும் பணத்தைச் சென்ற வருட மாற்று விலையிலேயே கணக்குப் போட்ட எண் அது. இன்னொன்று, ரூபாய் விழுந்தால் காக்னிசன்ட்டுக்கு வருமானம் கூடாது. அவர்கள் கணக்கு டாலரில். இங்கே கொடுக்கும் சம்பளச் செலவுதான் டாலர் கணக்கில் குறையும்.

கேள்வி: 2,710 கோடி டாலருக்கு டீல் பிடித்ததாகச் சொல்கிறார்களே, வருமானம் 1,970 கோடிதானே?

இரண்டும் 2024-க்கானவைதான். முதலாவது புக்கிங், அந்த ஒரு வருஷத்தில் கையெழுத்தான ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு. அது மூன்று, ஐந்து, சிலசமயம் ஏழு வருஷத்தில் சொட்டுச் சொட்டாக வரும். அதில் ஒரு பகுதி பழைய கிளையன்ட்டே தள்ளுபடி வாங்கிக்கொண்டு புதுப்பித்தது. நான் இருந்த கம்பெனியில் ஒரு பெரிய டீலுக்குக் கேக் வெட்டினோம். இரண்டாம் வருஷம் அந்த கிளையன்ட்டை வேறொருவர் வாங்கிவிட, வேலை பாதியாகிவிட்டது. கேக் வெட்டிய போட்டோ மட்டும் ரிசப்ஷனில் ரொம்ப நாள் இருந்தது.

இருந்தாலும் பெரிய டீல்களின் எண்ணிக்கையைக் கவனிக்கலாம். பத்துக் கோடி டாலருக்கு மேற்பட்டவை 2023-இல் 17, 2024-இல் 29. விற்பனைப் பக்கம் உயிர் வந்திருக்கிறது என்பதற்கு இது அடையாளம்.

கேள்வி: 2024-இல் வருமானம் கூடியது, ஆள் குறைந்தது. நான் இப்போது பிராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருக்கிறேன். பயப்பட வேண்டுமா?

2022 முடிவில் சுமார் 3,55,000 பேர், 2024 முடிவில் சுமார் 3,37,000. பெஞ்சை ஒட்டப் பிழிந்திருக்கிறார்கள் என்பதுதான் இதற்குப் பொருள். முன்பெல்லாம் டீல் வருமுன்பே ஆளை எடுத்து உட்கார வைப்பார்கள். இப்போது வந்தபின் தேடுகிறார்கள்.

பயம் வேண்டாம், ஆனால் சும்மா இருக்கக்கூடாது. ஆட்களைப் பிராஜெக்டுகளுக்கு ஒதுக்கும் ஆர்எம்ஜி பிரிவு கூப்பிடும் என்று காத்திருக்காதீர்கள். பழைய மேனேஜர்களுக்கு நீங்களே போன் போடுங்கள். இரவு ஷிஃப்ட், சப்போர்ட் வேலை என்றாலும் பில்லிங்குக்குள் (கிளையன்ட் பணம் கொடுக்கும் வேலைக்குள்) போய்விட்டு அப்புறம் நகருங்கள். பிராஜெக்டில் இருப்பவருக்குத்தான் உள்ளேயும் வெளியேயும் இன்டர்வியூ நடக்கும்.

கேள்வி: ஐயா, என் மகளுக்கு சிடிஎஸ்ஸில் வருஷத்துக்கு 2.52 லட்சம் ஆஃபர். பேப்பரில் கேலி செய்தார்களே. (பி.எஸ்சி. மாணவியின் அம்மா, திருநெல்வேலி)

அம்மா, அந்தக் கேலி 2024 ஆகஸ்டில் வந்தது. அந்தச் சம்பளம் மூன்று வருஷப் பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு, பொறியியல் படித்தவர்களுக்கு 4 முதல் 12 லட்சம் என்று கம்பெனி அப்போது விளக்கம் கொடுத்தது. விளக்கம் சரி, ஆனால் மாதம் 21,000 ரூபாயில் பிடித்தமும் போகச் சென்னையில் பிஜி வாடகையும் சாப்பாடும் கொடுத்தால் கையில் நிற்பது சொற்பம் என்பதும் சரி. வேறு ஆஃபர் இல்லையென்றால் போகட்டும். சேருமுன் சர்வீஸ் பாண்ட் (இத்தனை வருஷம் விலகமாட்டேன் என்ற ஒப்பந்தம்) இருக்கிறதா, எந்த ஊரில் போஸ்டிங் என்பதை எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷ அனுபவத்தோடு சந்தையில் நின்றால் பேச்சே வேறு.

கேள்வி: சென்னையில் பிறந்துவிட்டு விசாகப்பட்டினத்துக்கு ஓடுகிறார்களே?

ஆந்திர அரசு விசாகப்பட்டினத்தின் கபுலுப்பாடா பகுதியில் 21 ஏக்கர் சொச்சம் நிலத்தை ஏக்கர் 99 பைசாவுக்குக் கொடுக்க 2025 ஜூனில் முடிவெடுத்தது. 1,582 கோடி ரூபாய் முதலீடு, 8,000 வேலை என்பது பேச்சு. அந்த விலைக்கு நானே ஒரு ஏக்கர் வாங்கிப் போடுவேன். 8,000 என்பது பல வருஷத்தில் வரவேண்டிய எண், அடுத்த மாதம் வராது. சென்னை ஆட்களை மூட்டை கட்டச் சொல்லவும் இல்லை.

கேள்வி: அமெரிக்க வேலை விசாவான எச்1பி கட்டணம் லட்சம் டாலர் ஆனபின் ஆன்சைட் கனவு அவ்வளவுதானா?

2025 செப்டம்பர் அறிவிப்பு புது மனுக்களுக்கு. ஏற்கெனவே விசா வைத்திருப்பவரின் புதுப்பித்தலுக்கு இல்லை. ஆனால் மூன்று நான்கு வருஷ அனுபவத்தில் ஆன்சைட் போய் வீட்டுக்கடன் அடைத்த எங்கள் காலம் இனி இல்லை. அங்கேயே ஆளெடுப்பார்கள், இல்லையென்றால் வேலையை இங்கே தள்ளுவார்கள்.

கேள்வி: பங்கு வாங்கலாமா?

அதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இந்தியச் சந்தையில் அது கிடையாது, நாஸ்டாக்கில்தான். இந்தியாவிலும் பட்டியலிடுவதைப் பரிசீலிப்பதாக 2025 அக்டோபரில் சொன்னார்கள்.

கேள்வி: கோடில் 30 சதவீதத்தை ஏஐ எழுதுகிறது என்று அவர்களே சொல்கிறார்கள். பிறகு எதற்கு ஃப்ரெஷர்?

2025 நடுவில் சொன்ன எண் அது. அதே வருஷம் 15,000 முதல் 20,000 ஃப்ரெஷர்களை எடுக்கப்போவதாகவும் சொன்னார்கள். முரண் மாதிரித் தெரியும், இல்லை. பத்து வருஷ அனுபவக்காரர் செய்ததில் ஒரு பங்கை ஏஐ துணையோடு ஒரு ஃப்ரெஷர் செய்தால் அந்த டீமின் செலவு இறங்கும். கிளையன்ட்டும் சும்மா இருக்க மாட்டார், "உனக்கு மிச்சமானதில் எனக்குப் பாதி கொடு" என்று விலையைக் குறைப்பார். அதனால் இந்தக் கேள்வியில் ஃப்ரெஷரைவிட நான் கவலைப்படுவது பன்னிரண்டு வருஷம் ஆகி, கோடும் எழுதாமல், கிளையன்ட்டோடும் பேசாமல், எக்செல்லில் ஸ்டேட்டஸ் மட்டும் அனுப்பிக்கொண்டிருப்பவரைப் பற்றித்தான். நானும் கொஞ்ச நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.