கம்பி உயர்ந்து பிரிட்ஜ் கிளம்பினால்: சீவுளியை எடுக்க முன்

கேள்வி: "சாவகச்சேரியில் இருக்கிறேன். ஓய்வு நேரத்தில் கதிரை, அலுமாரி செய்வேன். மாமா வெளிநாடு போகும்போது விட்டுப்போன கிற்றாருக்கு ஸ்டீல் கம்பி போட்டு ஒரு வருடம் ஆகிறது. இப்போது 12ஆம் பிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கீற்று) தடித்த கம்பி 6 மில்லிமீற்றர் உயரத்தில் நிற்கிறது. பிரிட்ஜின் (கம்பிகளைக் கட்டும், மேற்பலகையில் ஒட்டிய கட்டை) பின்பக்கம் கடதாசி நுழைகிறது. தலைப்பகுதியில் நீள ஓட்டைகள் இரண்டு உண்டு. பிரிட்ஜில் கம்பியைப் பிடிக்கும் முளைகள் இல்லை, கம்பி பின்பக்கத் துளைகளால் வருகிறது. நட்டின் (தலைப்பக்கத்தில் கம்பிகள் தங்கும் துண்டு) அருகே கழுத்தின் அகலம் 52 மி.மீ. பிரிட்ஜில் உள்ள வெள்ளைத் துண்டைத் தேய்த்தால் சரிவரும் என்கிறார்கள். உண்மையா? வீட்டில் பழைய முதிரைக் கதவும் பனஞ்சிலாகையும் கிடக்கின்றன. அவற்றில் பிறகு ஒரு கிற்றார் செய்யலாமா?"

இதை வாசித்து முடித்ததும் முதல் வேலையாகக் கம்பிகளைத் தளர்த்திவிடுங்கள். ஒரு கம்பியை ஒரேயடியாகக் கழற்றாமல், ஆறையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள்.

உங்கள் கிற்றார் நைலோன் தந்திக்காகச் செய்யப்பட்டது. நீங்கள் எழுதிய அடையாளங்களே அதைச் சொல்கின்றன. ஓட்டையிட்ட தலை, முளையில்லாப் பிரிட்ஜ், 52 மி.மீ. நட்டு மூன்றும் கிளாசிக்கல் வகைக்கு உரியவை. ஸ்டீல் கம்பி வகையில் நட்டு 43, 44 மி.மீ. அளவில்தான் இருக்கும். நைலோன் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ இழுவையைக் கொடுக்கும். வழக்கமான மெல்லிய (லைட்) ஸ்டீல் செட்டே 70 கிலோவைத் தாண்டும். உள்ளே விசிறிபோல் ஒட்டிய மெல்லிய சட்டங்களும் 2.5 மி.மீ. அளவான மேற்பலகையும் அந்தச் சுமையை ஒரு வருடம் தாங்கியிருக்கின்றன. பிரிட்ஜ் முன்பக்கம் சாய்ந்து, பின்பக்கம் கிளம்பி, அதன் பின்னால் பலகை வயிறு வைத்திருக்கும். கம்பி உயர்ந்தது இதன் விளைவு. நைலோன் தந்திக்கு மாறாமல் என்ன பழுது பார்த்தாலும் அது திரும்பி வரும்.

வெள்ளைத் துண்டை, அதாவது சடிலை, தேய்ப்பது ஏன் உதவாது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 12ஆம் பிரெட் தந்தியின் சரிபாதியில் இருப்பதால், அங்கே 1 மி.மீ. குறைக்கச் சடிலில் 2 மி.மீ. எடுக்க வேண்டும். கிளாசிக்கலுக்கு நல்ல உயரம் தடித்த தந்தியில் 4 மி.மீ., மெல்லியதில் 3 மி.மீ. நீங்கள் 6இலிருந்து 4க்கு வர, சடிலில் 4 மி.மீ. போகும். பல கிற்றார்களில் பிரிட்ஜுக்கு மேலே தெரிகிற சடிலே அவ்வளவுதான். அத்தனையும் தேய்த்தால் தந்தி சடிலை அழுத்தி வளைந்து இறங்குகிற கோணம் போய்விடும். சத்தம் செத்து, தந்தி சலசலக்கும்.

தளர்த்திய பிறகு நாலைந்து நாள் சும்மா விடுங்கள். பலகை ஓரளவு தானாகவே இறங்கும். பிறகு ஓர் இரும்பு அடிமட்டத்தைப் பிரெட்களின் மேல் நீளவாக்கில் வைத்து 7, 8ஆம் பிரெட் அருகே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். மோட்டார் சைக்கிள் கராச்சில் வால்வு இடைவெளி பார்க்கிற பீலர் கேஜ் இருந்தால் துல்லியமாக அளக்கலாம். கால் மில்லிமீற்றர் அளவு குழிவு நல்லது. ஒரு மில்லிமீற்றரைத் தாண்டினால் கழுத்தே வளைந்துவிட்டது. கிளாசிக்கல் கழுத்துகள் பெரும்பாலானவற்றில் வளைவை இறுக்கித் திருத்துகிற, உள்ளே வைக்கும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ரொட் கிடையாது. அந்த நிலையில் பிரெட்களைக் கழற்றி, அவை பதிந்திருக்கிற பலகையைச் சீவ வேண்டும். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

அடுத்து ஒலித்துளையின் விளிம்பை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். மேலே தெரிகிற மரக் கோடுகள் விளிம்பிலும் அப்படியே கீழே இறங்கினால் பலகை முழு மரம். குறுக்காக ஒரு படலம் தெரிந்தால் பிளைவூட். பிளைவூட் என்றால் பிரிட்ஜைப் பிரிக்கும்போது கத்தி மேல்படலத்தோடு சேர்த்துக் கிளப்பிவிடும், இரட்டைக் கவனம் தேவை. ஒரு சின்னக் கண்ணாடியும் போனின் டோர்ச்சும் கொண்டு உள்ளே சட்டங்களையும் பாருங்கள். பலகையை விரல் முட்டியால் தட்டும்போது எங்காவது சலசலத்தால் ஒரு சட்டம் கழன்றிருக்கும். அதற்கும் இப்போதே பசை விட்டு முட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

பிரிட்ஜ் பாதி கிளம்பியிருக்கும்போது இடைவெளிக்குள் பசை ஊற்றி அமுக்குவது பலரும் செய்வது. பழைய பசைமேல் புதுப் பசை பிடிக்காது. முழுதாகக் கழற்றுங்கள். முதலில் சடிலை உருவிவிடுங்கள், பிளாஸ்டிக் என்றால் உருகும். தடித்த மட்டையொன்றில் பிரிட்ஜின் அளவுக்கு ஓட்டை வெட்டி, அலுமினியத் தாள் சுற்றி, மேற்பலகையை மூடுங்கள். இஸ்திரிப்பெட்டியை மிதமான சூட்டில் பிரிட்ஜின் மேல் மட்டும் வைத்து, மரம் சூடேறியதும், மெல்லிய மழுங்கிய கத்தியைக் கிளம்பிய பக்கத்தால் நுழையுங்கள். தள்ளாமல் பக்கவாட்டில் மெதுவாக அசையுங்கள். மேற்பலகையின் நார் கிளம்பி வருவதைக் கண்டால் அந்த இடத்திலேயே நிறுத்தி, எதிர்ப்பக்கத்தால் தொடங்குங்கள். இந்த வேலைக்கு ஒரு மணித்தியாலம் போனாலும் போகட்டும்.

கழன்ற பிறகு இரண்டு முகங்களிலும் பழைய பசையைச் சுரண்டி வெறும் மரம் தெரிய வையுங்கள். மலிவான கிற்றார்களில் வார்னிஷின் மேலேயே பிரிட்ஜின் ஓரத்தை ஒட்டியிருப்பார்கள். அந்த வார்னிஷ், பிரிட்ஜின் எல்லைக்கு ஒரு மில்லிமீற்றர் உள்ளே வரை, போக வேண்டும். பசையில் ஓடாவிமாரின் பழைய வச்சிரம் (தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை) இன்றும் முதல் தரம். தண்ணீரில் ஊறவைத்து, கொதிக்க விடாமல், 60 பாகை சூட்டில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்க வேண்டும். குளிர் நாடுகளில் அது கை எடுப்பதற்குள் உறைந்துவிடும் என்று அஞ்சுவார்கள். நம் வெயிலில் உங்களுக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். அது கிடைக்காவிட்டால் நல்ல மஞ்சள் மரப்பசை போதும். சாதாரண வெள்ளைப் பசை தொடர்ந்த இழுவையில் மெல்ல மெல்ல நழுவும். எப்பொக்சி வேண்டவே வேண்டாம். அடுத்த முறை பிரிக்க வருபவர் பலகையைக் கிழித்துத்தான் எடுப்பார்.

முளைத் துளை இல்லாததால் போல்ட் போட்டு இறுக்க முடியாது. ஒலித்துளையால் கை நுழைகிற, குறைந்தது 6 அங்குல ஆழமுள்ள கிளாம்ப் மூன்று வேண்டும். கடையில் தேடுவதை விட நீங்களே மரத்தில் செய்யலாம், அலுமாரி செய்கிற கைக்கு அது பெரிய வேலையல்ல. உள்ளே சட்டங்களின் இடைவெளிக்கு ஏற்பப் பள்ளம் வெட்டிய ஒரு கட்டை, மேலே பிரிட்ஜின் வளைவுக்கு ஏற்ற ஒரு கட்டை, ஒட்டாமல் இருக்கப் பொலித்தீன். பசை பூசாமல் முதலில் ஒருமுறை முழுக்க இறுக்கிப் பாருங்கள். ஒட்டிய பின் ஒரு நாள் அசைக்காதீர்கள், மாரியில் இரண்டு நாள். பிறகு நைலோன் தந்தி கட்டி, ஒரு கிழமை கழித்து உயரத்தை அளந்து, தேவையென்றால் அப்போது சடிலைத் தொடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் கிற்றாரை விடாதீர்கள், அந்தச் சூட்டில் மரப்பசை இளகும்.

இனி உங்கள் கதவு. முதிரை பிரெட் பலகைக்கு அருமையான மரம். கடினம், நுண்மை, பல தசாப்தம் காய்ந்தது. ஆணிகளைத் தேடி எடுத்த பிறகே வாள் வையுங்கள். முதிரைத் தூள் பலருக்குத் தோலில் கடியும் அழற்சியும் தரும், ஆகவே முகக்கவசமும் நீளக்கைச் சட்டையும் கட்டாயம். பனஞ்சிலாகையை நான் விரும்பமாட்டேன். கரிய வைர நார்களுக்கு நடுவே மென்மையான சோற்றுப் பகுதி இருப்பதால் பிரெட் வெட்டும் வரியில் ஓரங்கள் பொரிந்து வரும். பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் பலா தேடுங்கள். வீணையும் மிருதங்கமும் தவிலும் அந்த மரத்தில்தான் செய்யப்படுகின்றன. உயிர்மரம் தறிக்கப் பிரதேச செயலக அனுமதி வேண்டும், பழைய வீட்டு மரம் கிடைத்தால் அதுவே மேல். மேற்பலகைக்கு மட்டும் ஸ்புரூஸ் அல்லது சீடர் பலகையை வெளியிலிருந்து வரவழையுங்கள்.

பிரெட் இடைவெளிக்கு, தந்தி நீளத்தை (நட்டிலிருந்து சடில் வரை) 17.817ஆல் வகுங்கள். 650 மி.மீ.க்கு முதல் பிரெட் 36.48. மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. 12ஆவது சரியாக 325இல் விழ வேண்டும். ஒரு பிரெட்டிலிருந்து அடுத்ததை அளந்தால் சிறு பிழைகள் சேர்ந்து பெரிதாகும். ஆகவே கூட்டுத்தொகைகளை எழுதிவைத்து, எல்லாவற்றையும் நட்டிலிருந்தே குறியுங்கள்.

சட்டங்களை ஐப்பசி, கார்த்திகையில் ஒட்டாதீர்கள். ஈரம் குடித்து விரிந்த பலகையில் ஒட்டினால், காற்று உலர்ந்ததும் பலகை சுருங்க இடமின்றி வெடிக்கும். மாரியில் மரத்தை வெட்டி, நிழலில் அடுக்கி, இடைக்கட்டை வைத்துவிடுங்கள். ஒட்டு வேலையைச் சோளகம் வீசும் காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.