எழுத்து முன்பு, தாலி பிறகு

அன்பின் அண்ணா,
எனக்கும் கனடாவில் இருக்கும் என் கணவருக்கும் வைகாசியில் எழுத்து (கல்யாணப் பதிவு) முடிந்தது. அவருக்கு லீவு இல்லாததால் தாலிகட்டு தையில்தான். என்னை அங்கே கூப்பிடும் ஸ்பொன்சர் விண்ணப்பத்தை இப்போதே போடலாமா? எழுத்துப் படம் ஏழுதான் இருக்கிறது. அவருக்குச் சம்பளமும் குறைவு.
- வாசகி, கிளிநொச்சி

அன்பின் தங்கச்சிக்கு,

எழுத்து முடிந்த அன்றே சட்டப்படி நீங்கள் மனைவி. இப்போதே போடலாம். ஆனாலும் தை வரை பொறுப்பது நல்லது என்பேன். கனடாக் குடிவரவு ஒழுங்குவிதி 4(1)இன்படி கல்யாணம் உண்மையில்லை என்று பட்டாலும் மறுக்கலாம், முக்கியமாகக் குடிவரவுக்காகச் செய்தது என்று பட்டாலும் மறுக்கலாம். ஒன்றே போதும். மேசையில் இருவர் கையெழுத்து வைக்க, பின்னால் நாலு பேர் நிற்கும் ஏழு படம், நம் வழக்கம் அறியாத அதிகாரிக்கு அவசரக் கல்யாணமாகத்தான் தெரியும். பொறுக்க முடியாவிட்டால், சம்பந்தம் யார் கொண்டுவந்தது, குறிப்பு எப்போது பொருந்தியது, தாலிகட்டு ஏன் தள்ளிப்போனது என்று ஒரு பக்கம் எழுதி, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டிய ரசீதையும் சேருங்கள்.

கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஐஎம்எம் 5532 படிவம். முதலில் நேரில் சந்தித்தது எப்போது, அறிமுகம் செய்தது யார், கல்யாணத்துக்கு யார் வந்தார்கள் என்றெல்லாம் அதில் கேட்பார்கள். வட்ஸ்அப்பில் முதலில் பேசிய நாளைச் சந்தித்த நாளாக ஒருவர் எழுதுவார். விமான நிலையத்தில் கண்ட நாளை மற்றவர் சொல்வார். நேர்முகத்தில் பிடிப்பது இந்த இடத்தில்தான். இருவரும் போனில் இருந்துகொண்டு ஒவ்வொரு திகதியையும் ஒத்துப் பாருங்கள். படம் 20, உரையாடல் 10 பக்கம் போதும். ஒரே வாரத்து 'சாப்பிட்டீங்களா'வை அடுக்காமல், மாதத்துக்கு ஒரு பக்கம், திகதி தெரிய எடுங்கள்.

தாலி ஏறவில்லை என்று எந்தப் படிவத்திலும் 'மணமாகாதவர்' என்று போட்டுவிடாதீர்கள். பிறகு அது பொய்த் தகவலாகிவிடும்.

சம்பளத்துக்குப் பயப்பட வேண்டாம். மனைவியை மட்டும் கூப்பிட வருமான வரம்பு இல்லை. உடல் இயலாமை தவிர்ந்த காரணத்துக்காக அவர் அரச உதவிப் பணம் எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. நீங்கள் பிஆர் (நிரந்தர வதிவாளர்) ஆகும் நாளிலிருந்து 3 வருடம் உங்கள் செலவு அவர் பொறுப்பு. கியூபெக்கில் இருந்தால் நடைமுறை வேறு.

அவரிடம் இன்றே இரண்டு கேளுங்கள். அவரும் ஒரு மனைவியின் ஸ்பொன்சரில் வந்தவரா? அப்படியென்றால் பிஆர் ஆகி 5 வருடம் முடிந்திருக்க வேண்டும். எழுத்துக்குப் பிறகுதான் பிஆர் எடுத்தாரா? அப்போது உங்களை மனைவியாக அறிவிக்காமல் பிஆர் ஆகியிருந்தால், உங்களைக் கூப்பிட அதே ஒழுங்குவிதிகளின் 117(9)(டி) குறுக்கே நிற்கும். அப்படியானால் வக்கீலைப் பார்க்காமல் எதையும் அனுப்ப வேண்டாம்.