அம்மாவைப் பேச வைக்கலாமா?

அன்புள்ள அக்கா,

நாகப்பட்டினம் பக்கம் ஒரு மீனவ கிராமம் எங்கள் ஊர். 2004 சுனாமியில் என் தம்பி போய்விட்டான். இத்தனை வருடமாக அம்மா அவனைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. டிசம்பர் 26 அன்று மைக்கோடு யாராவது வந்தால் கொல்லைப்பக்கமாகப் போய்விடுவாள். போன மாதம், தப்பிப் பிழைத்தவர்கள் கூடிப் பேச ஊரில் ஒரு கூட்டம் போட்டார்கள். "பேசினால் பாரம் இறங்கும், அம்மாவைக் கூட்டிட்டு வா" என்றார்கள். அம்மா வர மறுத்துவிட்டாள். அடுத்த கூட்டத்துக்காவது வற்புறுத்தி அழைத்துப் போகலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

வற்புறுத்த வேண்டாம். பேரிடர் முடிந்த கையோடு எல்லோரையும் உட்கார வைத்து நடந்ததைச் சொல்ல வைக்கும் முறை ஒன்று பல நாடுகளில் இருந்தது. ஆராய்ந்து பார்த்ததில் அதனால் பலன் தெரியவில்லை. சிலருக்கு வேதனை கூடியதுதான் மிச்சம். உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை.

ஆனால் பேசினால் பாரம் இறங்கும் என்று அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. யாரிடம், எப்போது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஹிரோஷிமா, நாகசாகியில் அணுகுண்டுக்குத் தப்பியவர்களை ஹிபாகுஷா என்பார்கள். அவர்களில் பலர் வருடக்கணக்கில் வாயைத் திறக்கவில்லை. ஹிபாகுஷா என்று தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும், வேலை கிடைக்காது. குண்டு விழுந்து 11 வருடம் கழித்து, 1956 ஆகஸ்ட் 10 அன்று நாகசாகியில் கூடி நிஹோன் ஹிடான்கியோ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தங்கள் அனுபவத்தைக் கொண்டு மனிதகுலத்தைக் காப்போம் என்று அன்று அறிவித்தார்கள். தங்களையும் காப்பாற்றிக்கொள்வோம் என்று சேர்த்தே சொன்னார்கள். எனக்கு இந்தப் பாதிதான் பெரிது. 2024-இல் அந்த அமைப்புக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. கடைசி வரை யாரிடமும் சொல்லாமலே கண்ணை மூடிய ஹிபாகுஷாக்களும் உண்டு. அவர்களை யார் குறை சொல்வது?

நம்மிடம் ஒப்பாரி இருந்தது. இழவு வீட்டில் தோளைக் கட்டிக்கொண்டு அழும்போது, வந்து சேர்கிறவள் அந்த வீட்டுச் சாவுக்கு மட்டும் அழுவதில்லை. என்றோ போன தன் பிள்ளையையும் சேர்த்துத்தான் பாடுவாள். ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். சுனாமியில் அதற்கும் வழியில்லாமல் போனது. குழி தோண்டி மொத்தமாகப் புதைத்தார்கள். உட்கார்ந்து அழ வீடே இல்லை.

ஒரு முறை உங்கள் பக்கத்துக் கடற்கரையில் இரண்டு பெண்கள் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். "உம் மவன் இருந்தா இந்நேரம் எம் மவன்கூட போட்ல போயிருப்பான்" என்றாள் ஒருத்தி. மற்றவள் கையை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவனுக்குக் கடல்னா பயம்" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் மீன் விலைக்குப் போய்விட்டார்கள்.

அம்மாவுக்கும் அப்படி ஒருத்தி தெருவிலேயே இருக்கலாம். அவர்களை அவர்கள் போக்கில் விடுங்கள். அம்மாவுக்குத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் மட்டும் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு அழைத்தாலும் தமிழிலேயே பேசுவார்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் தம்பியின் பெயர் இல்லை. வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லி எத்தனை நாளாயிற்று? குழம்பு கொதிக்கும்போது, அவனுக்கு இது பிடிக்கும் என்று சும்மா சொல்லிப் பாருங்கள். அம்மா எழுந்து போனால் போகட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் போய் வாருங்கள். அந்த அலைக்குத் தப்பியவர் நீங்களும்தானே.