சந்தேகம் வந்தால் முதலில் என்ன செய்வது? உயிரிப் பயங்கரவாதம் பற்றிய கேள்வி பதில்

நோய்க்கிருமிகளை வேண்டுமென்றே பரப்பித் தாக்குவதுதான் உயிரிப் பயங்கரவாதம். அதைப் பற்றிச் சிங்கப்பூரில் கிளினிக்குகளிலும் மருந்துக்கடைகளிலும் வேலை செய்வோர் கேட்டவற்றுக்குத் தொற்றுநோய் மருத்துவர் ஒருவரின் பதில்கள்.

கிளினிக் மருத்துவர், தேக்கா: சளிக்காய்ச்சல் கூட்டத்தில் ஆந்த்ராக்ஸை எப்படிப் பிரித்தறிவது, டாக்டர்?

ஆந்த்ராக்ஸ், வித்துகளாகப் (கடினமான உறைக்குள் உறங்கும் கிருமிகளாக) பரவும் ஒரு பாக்டீரியா நோய். மூக்கொழுகல் இருந்தால் பெரும்பாலும் சாதாரணச் சளிதான்; மூச்சுவழி ஆந்த்ராக்ஸில் அது அபூர்வம். காய்ச்சலோடு மூச்சுத்திணறல், வாந்தி, உடலை நனைக்கும் வியர்வை, குழப்பம் சேர்ந்தால் அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள். அங்கே எக்ஸ்ரேயில் நடுமார்பு அகன்றிருக்கிறதா, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆன்டிபயாடிக்குக்கு முன்பே ரத்தக் கல்ச்சர் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுக்க வேண்டும்.

தவறு நடப்பது பெரும்பாலும் ஆய்வகத்தில்தான். கல்ச்சரில் பேசில்லஸ் (ஆந்த்ராக்ஸ் கிருமியும் சேர்ந்த குச்சி வடிவக் கிருமி வகை) வளர்ந்தால் ‘தோலிலிருந்து ஒட்டிய அழுக்கு’ என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். படிவத்திலேயே சந்தேகத்தை எழுதி, போனிலும் சொல்லுங்கள். ஆய்வக ஊழியருக்கும் அதுதான் பாதுகாப்பு. 2001இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் தூள் வைத்து அனுப்பிய கடிதங்கள் வழியே 22 பேருக்கு நோய் வந்தது, 5 பேர் இறந்தார்கள். ஃபுளோரிடாவில் ஒரு நோயாளியின் தண்டுவட நீரில் தெரிந்த குச்சிக் கிருமிகளை மருத்துவர் அலட்சியப்படுத்தாததால்தான் விஷயமே வெளியே வந்தது.

உறுதியாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். சந்தேகத்திலேயே, 2025 ஏப்ரலில் தொடங்கிய சிங்கப்பூரின் தொற்றுநோய் அமைப்பான சிடிஏவுக்குத் தெரிவியுங்கள்.

தாதி, ஈசூன்: கடிதத்திலிருந்து தூள் கையில் பட்டதாக ஒருவர் வந்தால் ஹேண்ட் ரப் போதுமா?

போதாது. தூளில் ஆந்த்ராக்ஸ் வித்துகள் இருந்தால், ஹேண்ட் ரப்பிலுள்ள ஆல்கஹால் அவற்றைக் கொல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். உடையை உதறாமல் கழற்றிப் பையில் கட்டி, குளிக்கச் சொல்லுங்கள். கடிதத்தைக் கிளினிக்குக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டு 999ஐ அழைக்கட்டும். ஆந்த்ராக்ஸ் நோயாளி இருமினால் உங்களுக்கு ஒட்டாது. நிமோனியா வகை பிளேக் ஒட்டும்: சரியான மருந்து தொடங்கி 48 மணி நேரமாவது அவரைத் தனியே வைத்து, நீங்கள் முகக்கவசம் அணிய வேண்டும்.

அதே தாதி: பெரியம்மையைச் சின்னம்மையிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

கொப்புளங்கள் முகத்திலும் கைகால்களிலும் அதிகம், ஓரிடத்தில் எல்லாம் ஒரே பருவத்தில் இருக்கும். சின்னம்மையில் உடம்பில் அதிகம், புதிதும் பழையதும் கலந்திருக்கும். சந்தேகித்தால் கதவை மூடி, என்95 போட்டுக்கொண்டு, உடனே போன் செய்யுங்கள்.

மருந்தாளர், ஜூரோங்: ஆந்த்ராக்ஸ் வித்துகளைச் சுவாசித்திருக்கலாம் என்பவருக்குத் தடுப்பு மருந்து ஏன் 60 நாள், சார்?

வித்துகள் நுரையீரலில் வாரக்கணக்கில் தூங்கிக் கிடந்து பிறகு முளைக்கும். பெரியவர்களுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் 500 மி.கி. அல்லது டாக்சிசைக்ளின் 100 மி.கி., நாளுக்கு இருமுறை. 2001இல் 60 நாள் சாப்பிடச் சொன்னவர்களில் பாதிப் பேர்கூட முடிக்கவில்லை. முதல் மாத்திரையோடே காரணத்தையும் சொல்லுங்கள். சிப்ரோவைத் தே தாரிக்கோடு விழுங்குகிற ஆட்கள் உண்டு: பாலின் கால்சியம் மருந்து உடலில் சேர விடாது, வெறும் தண்ணீர்தான். டாக்சி சாப்பிடுபவர் நம் ஊர் வெயிலில் தோலை மூடிக்கொள்ள வேண்டும்; விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும்.