நினைவாற்றல் மதிப்பெண் கூடியது மாத்திரையாலா, பழக்கத்தாலா?

கேள்வி: எனக்கு 66 வயது. மறதிக்காகச் சோதித்தபோது 30-க்கு 24 மதிப்பெண் வந்தது. அன்று முதல் தினமும் ஒரு மல்டிவைட்டமின் மாத்திரை எடுத்துவருகிறேன். மூன்று மாதம் கழித்து அதே சோதனையில் 26 வந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்று நம்பலாமா?

பதில்: கூடிய இரண்டு மதிப்பெண்களை இப்போதே மாத்திரையின் கணக்கில் எழுத வேண்டாம். கடிகாரம் வரையச் சொல்வார்கள், ஐந்து சொற்களைச் சொல்லிச் சில நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள் என்பதெல்லாம் முதல்முறை உங்களுக்குத் தெரிந்திருக்காது. இரண்டாம் முறையோ எல்லாம் தெரிந்தே, பதற்றம் குறைந்து அமர்ந்திருப்பீர்கள், பழைய சொற்களில் ஒன்றிரண்டு மனத்தில் தங்கியும் இருந்திருக்கலாம். நினைவாற்றல் இருந்தபடியே இருக்க, மதிப்பெண் மட்டும் இப்படிக் கூடுவதைப் பயிற்சி விளைவு என்கிறோம்.

அமெரிக்காவில் 3,562 முதியோரிடம் நடந்து 2023-இல் வெளியான காஸ்மாஸ்-வெப் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 20 சொற்களைக் காட்டி உடனே நினைவுகூரச் சொன்ன சோதனையில், மல்டிவைட்டமின் எடுத்தவர்களின் சராசரி ஓராண்டில் 7.10 சொற்களிலிருந்து 7.81 ஆனது, மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் அது 7.21-இலிருந்து 7.65 ஆனது. முதல் குழுவின் முன்னேற்றத்தில் பாதிக்கு மேல் மாத்திரை இல்லாமலே வந்திருக்கும். மாத்திரை கூடுதலாகத் தந்தது சுமார் கால் சொல். போலி மாத்திரைக் குழு இல்லாதிருந்தால் முழு உயர்வையும் சத்து மாத்திரையின் பெருமையாக எண்ணியிருப்போம். உணவு, சத்து மாத்திரை பற்றிய ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழு இருந்ததா என்று முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான். உங்கள் விஷயத்தில் ஒப்பிட ஆளே இல்லை.

அதற்காக மாத்திரையை வீண் என்று நான் சொல்லவில்லை. பி12 குறைபாடு மறதியை உண்டாக்கும். குறிப்பாக, அசைவம், பால் பொருட்கள் அதிகம் சேர்க்காதவர்களும், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினை நெடுநாள் எடுப்பவர்களும் இரத்தத்தில் அதன் அளவை அவசியம் பார்க்க வேண்டும். குறைவு உறுதியானால் அதற்குரிய அளவில் தனிச் சிகிச்சை தேவைப்படும். மல்டிவைட்டமினில் உள்ள சிறிதளவு போதாமல் போகலாம். தைராய்டு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றையும் மருத்துவர் பார்க்கட்டும்.

அடுத்த சோதனையை ஆறு மாதம் முதல் ஓராண்டு கழித்து வைத்துக்கொள்ளுங்கள். அதே சோதனையின் வேறு சொற்கள் கொண்ட வடிவத்தைக் கேளுங்கள். மூக்குக் கண்ணாடியோ காது கேட்கும் கருவியோ பயன்படுத்துபவரானால் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். பணம் கட்டுவது, மருந்தை நேரத்துக்கு எடுப்பது போன்ற அன்றாட வேலைகளில் தடுமாற்றம் தெரிகிறதா என்பதை உங்களோடு வசிப்பவர் ஒருவர் உடன் வந்து சொல்லட்டும். அவர் சொல்வது, இந்த இரண்டு மதிப்பெண்களைவிட மருத்துவருக்கு அதிகம் உதவும்.