"எச்சு" என்ற சொல்லுக்கு வெட்கம் எதற்கு?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். நாள் முழுவதும் வெளிநாட்டு பையர்களுடன் ஆங்கிலத்தில்தான் பேச்சு. காங்கேயம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த என் அப்பா, பள்ளி விழாவில் ஆசிரியையிடம், "ஏனுங்க டீச்சர், எம்பட பேரன் எச்சாப் பேசறானுங்களா?" என்று கேட்டதும் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எங்கள் பேச்சில் "எச்சு" என்றால் அதிகம் என்று பொருள். "அப்புச்சி இனிமே ஸ்கூலுக்கு வர வேண்டாம்" என்கிறான் என் பத்து வயது மகன். என் வேலைதான் எங்களை மண்ணிலிருந்து பிரித்துவிட்டதா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் வேலையின் மேல் பழி போடாதீர்கள். கொங்கு நாடு ஒருநாளும் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்ந்ததில்லை. சென்னிமலைக்கு அருகே நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில், தொலைதூரத்திலிருந்து வந்த சூதுபவளம் என்ற சிவப்புக் கல்லை மணியாக்கிய தொழிற்கூடங்களும், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகளும் ஒரே மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன. பிள்ளைகள் சிரித்த "எச்சு"கூடக் கன்னடத்து "ஹெச்சு"க்கு உறவுதான். 1799 வரை இப்பகுதி மைசூர் ஆட்சியில் இருந்தது என்பதை நினைத்தால், அயலாரோடு பழகிய வரலாறு உங்கள் அப்பாவின் நாக்கிலேயே இருப்பது புரியும்.

அன்று வெளியிலிருந்து வந்த சொல் நம் பேச்சுக்குள் வந்து குடியேறியது. இன்று நம் பேச்சையே வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்கிறோம். என் கவலையெல்லாம் இதைப் பற்றித்தான். பொருள் போனால் சொல்லும் போய்விடும். கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம் வீட்டுமனையாகி, அதைச் சுற்றி கிளுவைச் செடியாலான உயிர்வேலி இருந்த இடத்தில் காம்பவுண்டுச் சுவர் எழுந்துவிட்டால், அவ்விரண்டு சொற்களையும் உங்கள் மகன் எங்கே போய்க் கேட்பான்? சான்றிதழால் மட்டும் இதைக் காக்க முடியாது. புவிசார் குறியீடு பெற்ற பிறகும் விசைத்தறிப் போலிகளோடு போராட வேண்டியிருக்கிறது பவானி ஜமக்காளம்.

ஆகவே மகனைத் திட்டாதீர்கள். கொங்குத் தமிழில் பேசு என்று கட்டாயப்படுத்தவும் வேண்டாம். வருகிற விடுமுறையில் அவனை அப்புச்சியோடு கொறங்காட்டுக்கு அனுப்புங்கள். கொழுக்கட்டைப் புல் எது, வெள்வேலமரம் எது என்று அவர் காட்டட்டும். பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கும் காங்கேயம் கன்று சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறுவதை, ஒரு கன்றின் கழுத்தைத் தடவிக்கொண்டே அவர் சொல்லட்டும். அங்கே அவர்தான் ஆசிரியர், பேரன்தான் மாணவன். அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரிக்க அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும், தவறாக எண்ணாதீர்கள். அலுவலகத்தில் இருக்கும்போது அப்பாவின் அழைப்பு வந்தால், "சொல்லுங்ப்பா" என்று இயல்பாகப் பேசுகிறீர்களா, அல்லது குரலைத் தாழ்த்திக்கொண்டு வராந்தாவுக்குப் போகிறீர்களா? பத்து வயதுப் பிள்ளை வெட்கத்தைத் தானாகக் கண்டுபிடிப்பதில்லை; யாரிடமிருந்தோதான் எடுத்துக்கொள்கிறது. வகுப்பாசிரியையைச் சந்தித்து, அரை மணி நேரம் அந்தப் பிள்ளைகளுக்குக் காங்கேயம் மாடுகளைப் பற்றிச் சொல்ல உங்கள் அப்பாவை அழைக்க முடியுமா என்று கேளுங்கள். அவர் வேட்டியோடும், தமக்கு வரும் பேச்சோடும் வரட்டும். அன்று நீங்களும் விடுப்பு எடுத்துக்கொண்டு, மகனுக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள்.