காக்டெயிலுக்கு மலிவான ட்ரிபிள் செக் போதுமா?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்து வருகிறேன். வெளிநாட்டு பையர்கள் வீட்டு விருந்துக்கு வரும்போது மார்கரிட்டா, சைட்கார் ஆகிய காக்டெயில்களை நானே கலந்து தருவது வழக்கம். இவற்றுக்குத் தேவையான, ஆரஞ்சு மணமுள்ள இனிப்பு மதுவான குவாந்த்ரோவின் விலை கட்டுப்படியாகவில்லை. அதே வகையில் விலை குறைந்த ட்ரிபிள் செக்கையோ, கோவையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பார்த்த ‘ட்ரிபிள் செக் சிரப்’பையோ அதற்குப் பதிலாக ஊற்றலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: சிரப்பை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அது ஆரஞ்சு மணமூட்டிய சர்க்கரைப் பாகு; அதில் ஆல்கஹால் இல்லை, அதனால்தான் சூப்பர் மார்க்கெட்டில் விற்க முடிகிறது. மது அருந்தாத விருந்தினருக்கு எலுமிச்சைச் சாறும் சோடாவும் சேர்த்துக் கொடுக்க அது நன்றாகவே இருக்கும். ஆனால், குவாந்த்ரோவின் இடத்தில் அதே அளவு ஊற்றினால் மார்கரிட்டா வெறும் இனிப்புப் பானமாகிவிடும். ‘ப்ளூ குராசோ சிரப்’ என்று நீல நிறத்தில் விற்கப்படுவதும் இதே வகைதான்.

ட்ரிபிள் செக் பற்றிய கேள்விக்கு அவ்வளவு எளிதாக விடை சொல்ல இயலாது. ஆரஞ்சு லிக்கர் (குவாந்த்ரோ, ட்ரிபிள் செக் போன்ற இனிப்பு மது) எதுவானாலும் அதில் தோலின் எண்ணெய், சர்க்கரை, ஆல்கஹால் ஆகிய மூன்றும் இருக்கின்றன. பிரான்சின் ஆன்ஜே நகரத்துத் தயாரிப்பான குவாந்த்ரோவில் கசப்பு ஆரஞ்சு, இனிப்பு ஆரஞ்சு இரண்டின் தோல்களும் சேர்கின்றன; ஆல்கஹால் 40 சதவீதம். மலிவான ட்ரிபிள் செக்குகள் பலவற்றில் இது 15 முதல் 30 சதவீதம் வரைதான் இருக்கும். தோலின் மணமும் மெலிந்திருக்கும். குறையாமல் கிடைப்பது சர்க்கரை ஒன்றுதான்.

சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் அளவுப்படி மார்கரிட்டாவுக்கு டெக்கீலா (மெக்சிகோ நாட்டு மது) 50 மி.லி., ட்ரிபிள் செக் 20 மி.லி., எலுமிச்சைச் சாறு 15 மி.லி. தேவை. அந்த 20 மி.லி. லிக்கரில் 40 சதவீத வகை 8 மி.லி. ஆல்கஹாலைத் தரும், 20 சதவீத வகையோ 4 மி.லி. மட்டுமே தரும். ஆகவே மலிவானதை அளவுக்கு அளவு மாற்றாமல், லிக்கரை 15 மி.லி.யாகக் குறைத்து, டெக்கீலாவை 60 மி.லி.யாகக் கூட்டுங்கள், இனிப்பு மிஞ்சாது, வீரியமும் ஏறக்குறைய முன்போலவே நிற்கும். இந்த மாற்றத்தோடு மார்கரிட்டாவுக்கு மலிவான பாட்டில் தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. பல மதுவகைகளும் கோலாவும் சேரும் லாங் ஐலண்ட் ஐஸ்டு டீயில் வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதே கடினம்.

சைட்காரில் இந்தச் சிக்கனம் வேண்டாம். 50 மி.லி. கோன்யாக் (பிரெஞ்சு பிராந்தி), 20 மி.லி. ஆரஞ்சு லிக்கர், 20 மி.லி. எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைத் தவிர அதில் வேறெதுவும் இல்லாததால், லிக்கரின் குறையை மறைக்க வழியில்லை. அத்தனை விலை கொடுத்து வாங்கிய கோன்யாக்கும் வீணாகும். 700 மி.லி. பாட்டிலில் 20 மி.லி. வீதம் 35 கோப்பைகள் கலக்கலாம். இரண்டு பாட்டில்களுக்கும் இடையே 2,000 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டாலும் கோப்பைக்கு 57 ரூபாய்தான் கூடுகிறது. 40 சதவீத லிக்கர், மூடி இறுக்கமாக இருந்தால், திறந்த பிறகும் நெடுநாள் கெடாது. எப்போதாவது விருந்து வைக்கும் உங்களுக்கு ஒரு பாட்டிலே நீண்ட காலம் வரும்.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஏற்காட்டு ஆரஞ்சோ நாக்பூர் ஆரஞ்சோ, மூன்று பழங்களைக் கழுவித் தோலுரித்து, கசக்கும் வெள்ளைப் பகுதியைச் சுரண்டி நீக்கிவிட்டு, தோலை 100 கிராம் சர்க்கரையோடு கசக்கி இரவு முழுவதும் மூடி வையுங்கள். தோலின் எண்ணெயைச் சர்க்கரை இழுத்துக்கொள்ளும். காலையில் 100 மி.லி. வெந்நீர் விட்டுக் கரைத்து வடிகட்டி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள். 20 மி.லி. லிக்கருக்குப் பதிலாக இந்தப் பாகில் 10 மி.லி.யும் வோட்கா 15 மி.லி.யும் கோப்பையில் சேர்த்தால், மலிவான பாட்டில்கள் பலவற்றில் இல்லாத மணம் கிடைக்கும். கசப்பு மட்டும் குவாந்த்ரோ அளவுக்கு வராது. சாத்துக்குடித் தோல் இதற்கு உதவாது.

டாஸ்மாக் எலைட் கடையில் வாங்கும்போது பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், லேபிளில் உள்ள ஆல்கஹால் சதவீதத்தைப் படியுங்கள். 700 மி.லி., 750 மி.லி., ஒரு லிட்டர் என அளவுகள் வேறுபடுவதால் விலையை மி.லி. கணக்கில் ஒப்பிடுங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.